பெரி சங்கத்தின் வீழ்ச்சி: மைதானத்தை அடகு வைக்க யாருக்கு உரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து என்றாலே நம் விளையாட்டுப் பக்கங்களில் பிரீமியர் லீக் அணிகள் வீரர்களுக்காகக் கொட்டிக் கொடுக்கும் தொகைதான் பெரும்பாலும் செய்தியாகிறது. மான்செஸ்டருக்குச் சற்று வடக்கே உள்ள பெரி என்ற ஊரின் கால்பந்துச் சங்கம், 125 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த இங்கிலாந்துக் கால்பந்து லீக்கிலிருந்து (பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று நிலைகளை நடத்தும் அமைப்பு) 2019 ஆகஸ்ட் 27 அன்று நீக்கப்பட்டது. அந்த நிகழ்வும் அதே அளவு கவனத்துக்கு உரியது என்பதால் இதை எழுதுகிறேன்.

1885இல் தொடங்கிய இச்சங்கம் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுன்டியை 6–0 என வீழ்த்தியதே அக்கோப்பை இறுதியாட்டங்களின் மிகப் பெரிய வெற்றி. 116 ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில்தான் மான்செஸ்டர் சிட்டி அதைச் சமன் செய்தது. அதே ஆட்டப் பருவத்தில், பல வாரச் சம்பளம் கிடைக்காத பெரி வீரர்கள் இரண்டாமிடம் பெற்று மூன்றாம் நிலை லீக்குக்கு முன்னேறியிருந்தார்கள். ஆடுகளத்தில் தோற்று அழிந்த அணி அல்ல இது.

வருமானத்துக்கு மீறிய சம்பளத்தை உரிமையாளரின் பணத்தை நம்பிக் கொடுத்துவந்ததுதான் நோயின் வேர். உரிமையாளர் ஸ்டூவர்ட் டேயின் கட்டுமானத் தொழில் தள்ளாடியபோது சங்கமும் சேர்ந்து தள்ளாடியது. சங்கத்தின் கிக் லேன் மைதானம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. அங்கு வண்டி நிறுத்தும் இடங்கள்கூட முதலீடு என்று தனித்தனியே விற்கப்பட்டிருந்தன. 2018 டிசம்பரில் சங்கம் வெறும் 1 பவுண்டுக்கு ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபரின் கைக்கு மாறியது. சங்கத்தை நடத்தத் தேவையான பணம் இருக்கிறது என்பதற்கான சான்றை, வாங்கி முடித்த பிறகு தந்தால் போதும் என்று அன்றைய லீக் விதி இடம்கொடுத்தது. சாதாரண வீட்டுக் கடனுக்கே வருமானச் சான்றை முன்கூட்டிக் கேட்கும் காலத்தில், ஓர் ஊரின் நூற்றாண்டுச் சொத்தை இப்படிக் கைமாற விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019 ஜூலையில், சங்கம் பாக்கி வைத்திருந்தவர்களோடு செய்துகொண்ட ஏற்பாடும் என்னை வருத்துகிறது. வீரர்கள் முதலான கால்பந்துத் துறையினருக்குப் பாக்கி முழுவதையும் தருவது, வரித்துறை உள்ளிட்ட, பிணை ஏதும் பெறாமல் பாக்கிக்குக் காத்திருந்த பிறருக்கு நூற்றுக்கு 25 தருவது என்று அதில் முடிவானது. வீரர்களின் சம்பளத்தைக் காப்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பாகுபாடு இருக்கும்வரை, சங்கங்களுக்குக் கடன்கொடுத்த வெளியார் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள்.

சங்கத்தை வாங்க முன்வந்த நிறுவனமும் லீக் கொடுத்த கெடுவின் கடைசி நாளில் பின்வாங்கியது. அடுத்த ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் அன்றைக்கே திரண்டு வந்து மைதானத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான போல்ட்டனின் சங்கத்துக்கு மறுநாளே புதிய உரிமையாளர்கள் கிடைத்தார்கள், பெரிக்குக் கிடைக்கவில்லை.

ரசிகர்களே புதிய அணியைத் தொடங்கிக் கீழ்நிலை லீக்கில் ஆடினார்கள். 2022இல் அரசின் 10 லட்சம் பவுண்டு உதவியோடு மைதானத்தையும் மீட்டார்கள். 2023இல், புதிய அணியை நடத்திய அமைப்பும் மைதானத்தை மீட்ட அமைப்பும் ஆகிய இரு ரசிகர் அமைப்புகளும் இணைந்தபின் பெரி என்ற பெயர் கிக் லேனுக்குத் திரும்பியது.

இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், உரிமையாளர்களின் நிதிநிலையை ஆராயவும், மைதானம் விற்கப்படுவதையோ அடமானம் வைக்கப்படுவதையோ கட்டுப்படுத்தவும் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறது. நெடுநாள் தாமதமானாலும் வரவேற்கத்தக்கது. ஆயினும் அது மேலே உள்ள ஐந்து நிலை லீக்குகளை மட்டுமே காக்கும். அதற்குக் கீழே ஆடும் இன்றைய பெரிக்கும், அதைப் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்ச் சங்கங்களுக்கும் மைதானத்தைப் பாதுகாக்கும் விதியையாவது அச்சட்டம் நீட்டித்திருக்க வேண்டும். இது குறித்துத் தங்கள் இதழ் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.