வேனுக்குள் மாட்டிக்கொண்ட சி.டி.

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மச்சானையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். போனில் பேச ஆரம்பித்தால் பணம் வந்ததா, மருந்து வாங்கினாயா என்பதிலேயே முடிந்துபோகிறது. இந்த ஊர் எப்படி என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். இன்றைக்குக் கடை விடுமுறை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு கடைத்தெரு, ரயில் ஸ்டேஷன், கோயில்கள், மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி. சம்பந்தன் என்று இங்கே பெரிய தலைவர் இருந்தாரே, இந்த நாட்டின் சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், அவர் இந்த ஊர்க்காரர்தான். ஊரைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நிற்கும். அதற்கப்புறம் தோட்டம், தோட்டம், தோட்டம்.

நாம் நினைத்துக்கொண்டிருந்த தோட்டம் இல்லை அக்கா. ரப்பர் முக்கால்வாசி போய்விட்டது, இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியக்காரர்களும். தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் இருந்த நம் ஜனங்கள் டவுனுக்கு வந்து, தாமான் என்கிற குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஆனாலும் யாரிடம் ஊரைக் கேட்டாலும் "நாங்க எல்பில் தோட்டம்", "நாங்க டோவன்பி" என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் கூட அப்படித்தான் சொல்கின்றன, அங்கே பிறக்காத பிள்ளைகள்.

வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவு பிசைகிறேன், ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) வீசுகிறேன், கறிக்கு நறுக்குகிறேன். மாடி அறையில் எங்களுடன் மதுரைப் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். சண்டை கிடையாது, குறட்டைதான்.

ஆனால் வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடைக்கு ஒரு பழைய வேன் இருக்கிறது. முதலாளி அதை யாரிடமிருந்தோ கை மாறி, கை மாறி வாங்கியிருக்கிறார். விடியுமுன்னே ஈப்போ மார்க்கெட்டுக்குக் காய் எடுக்க அதில்தான் போவோம். உள்ளூர் அண்ணன் ஓட்டுவார், நான் மூட்டை தூக்கப் போகிறவன். வேனில் ஏரியல் ஒடிந்துவிட்டது, மின்னல் எஃப்எம், ராகா என்று இங்கே உள்ள தமிழ் ரேடியோ எதுவும் பிடிக்காது. சி.டி. பிளேயர் மட்டும் ஓடுகிறது, அதற்குள் ஒரு சி.டி. மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. அழுத்தினால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த பாட்டுக்குத் தாண்டும் பட்டனும் விழுந்துவிட்டது. ஆக, அந்த 18 பாட்டையும் வரிசையாகக் கேட்டே ஆகவேண்டும். நடுவில் ஒரு காதல் பாட்டு, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, நாயகி சிணுங்கிக்கொண்டே இருப்பாள். அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

இது கடையில் விற்ற சி.டி. இல்லை. யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே பதிந்தது. ஒரு பாட்டு தெளிவாக இருக்கும், அடுத்தது கேசட்டிலிருந்து எடுத்தது போல இரையும். ஒன்றின் தொடக்கத்தில் ரேடியோ அறிவிப்பாளர் பேச்சின் வால் பாதி எழுத்தாக ஒட்டியிருக்கிறது. மேலே என்ன எழுதியிருக்கிறது, யார் பெயர் போட்டிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

உனக்கு இது புரியும். வாசு அண்ணன் கடையில் நீ சி-90 கேசட்டுக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பாயே, பக்கத்துக்கு 45 நிமிஷம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்ப்பாயே. இந்த ஆளும் அப்படித்தான். ஒரு சி.டி.யில் 80 நிமிஷம் பிடிக்கும். இதில் மொத்தம் 79 நிமிஷத்துச் சொச்சம் என்று காட்டுகிறது, ஒன்றும் அறுபடவில்லை. நம்மைப் போலக் கணக்குப் போட்ட ஆள்.

முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இருக்கும் என்று நினைப்பாய். இல்லை, மலாய்ப் பாட்டு! எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, குரல் மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி. "ஆலிகேட்ஸ் தம்பி, பாடுறது நம்ம ஆளுங்கதான்" என்றார் அண்ணன். பினாங்குக் குழு அது, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் என்ற சகோதரர்கள். லோகநாதன் 2007-ல் இறந்துவிட்டார். தமிழ்ப் பையன்கள் மலாயில் பாடி நாடு முழுக்கக் கேட்டிருக்கிறது. கடையில் இதைப் பற்றி எடுத்ததும் மலாய்க்கார லாரி டிரைவர் ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டார். அதுவரை அவர் என்னிடம் "தே தாரிக்" (ஆற்றின டீ) தவிர வேறெதுவும் பேசினவர் இல்லை.

அடுத்து முருகன், அப்புறம் டி.எம்.எஸ்., அப்புறம் மலேசியா வாசுதேவன். பெயருக்கு முன்னால் ஏன் மலேசியா என்று நாம் ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? இங்கே பிறந்து, மெட்ராஸ் போய் அலைந்து, 1977-ல் 'பதினாறு வயதினிலே' படத்தில் கமலுக்குப் பாடினதில்தான் பெரிய பேர் வந்தது. கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்தபின் நான் கிளம்பி வந்த வழியில், எனக்கு எதிர்த்திசையில் போனவர்.

இந்த சி.டி.யில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இங்கே தைப்பூசக் காவடிக்கு உருமி மேளம் அடிப்பார்கள், ஈப்போவில் கல்லுமலைக் கோயிலில் கேட்டேன், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அந்த மேளம் ஒன்று இதில் இருக்கிறது. மற்ற எல்லாப் பாட்டுக்கும் நடுவில் இரண்டு வினாடி மௌனம், கம்ப்யூட்டர் தானாக விடுவது. இந்த மேளத்துக்கு மட்டும் அந்த மௌனத்தை எடுத்துவிட்டிருக்கிறது அந்தக் கை. கடைசி அடி விழும்போதே இந்த நாட்டு ராப் பாடகர் யோகி பி குழுவின் பாட்டு உள்ளே புகுந்துவிடுகிறது. இளையராஜாவின் 1980-ம் வருஷப் பாட்டு ஒன்றை வைத்து இவர்கள் 2006-ல் போட்டது. அந்தக் காலத்துப் பையன்கள் வாயில் வேறு பாட்டே கிடையாது என்கிறார் அண்ணன். அதைவிடப் புதிதாக இதில் ஒன்றும் இல்லாததால், சி.டி. அதை ஒட்டித்தான் பதிவாகியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இந்த சி.டி.யைச் செய்தது சிங்கப்பூர் வேலைக்குப் போகிற பையன் என்கிறார் அண்ணன். நான் பெண் என்கிறேன். காரணம் 17-வது பாட்டு.

அது சினிமா இல்லை, ரேடியோ இல்லை. ஒரு கிழவி பாடுகிறாள். பின்னால் சேவல் கூவுகிறது, ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. கப்பலேறி ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தது, கிராணி என்கிற தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அந்தப் பாலை எடைபோடும்போது குறைத்தது, கங்காணியின் அதிகாரம் என்று போகிறது. நடுவில் மூச்சு வாங்க நிற்கிறாள். அப்போது ஒரு பெண் குரல், இருபது வயதிருக்கும், "அப்புறம் ஆயா?" என்கிறது. அந்த சி.டி. முழுக்க அதைச் செய்தவளின் குரல் கேட்பது அங்கே மட்டும்தான் என்று நான் நம்புகிறேன். கிழவி சிரித்து, "போதும் போ" என்று முடித்துவிடுகிறாள்.

எங்கள் கடையில் தட்டு கழுவ ஒரு பாட்டி வருகிறார், எழுபது தாண்டினவர், கல்யாணம் ஆனதிலிருந்து பால்மரம் வெட்டினவர். ஒருநாள் மழைக்கு அவரை வீட்டில் இறக்கிவிடும்போது இந்தப் பாட்டு வந்தது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். முடிந்ததும், "ரெண்டாவது அடி தப்பு" என்றார்! வேனை ஓரங்கட்டச் சொல்லி முழுசாகப் பாடினார். யாருடைய குரல் என்று கேட்டேன், தெரியவில்லை, எல்லாத் தோட்டத்திலும் புல்வெட்டப் போகையில் பொம்பளைகள் பாடுவதுதானாம். தன் மாமியாரிடம் கற்றதாம். மாமியார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினவர்.

அக்கா, அந்த மெட்டு எனக்குத் தெரிந்த மெட்டு. நம் ஆத்தா நடவு வயலில் பாடுவது இதுதானோ என்று சந்தேகம். வார்த்தை வேறு, கிராணியும் இல்லை, ரப்பரும் இல்லை. நான் சின்னவன், எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

வேனை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்து அந்தப் பாட்டை மட்டும் பிடித்திருக்கிறேன். பாட்டி பாடினதையும் தனியாகப் பிடித்திருக்கிறேன். இரண்டையும் உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். அம்மா மத்தியானம் தூங்கி எழுந்தபின் போட்டுக் காட்டு, டி.வி.யை அணைத்துவிட்டு. ஆத்தா பாட்டின் வார்த்தை எத்தனை வரி நினைவிருக்கிறதோ அத்தனையும் எழுதி அனுப்பு. பாட்டியும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஊரில் மீதி அடி எப்படிப் போகும் என்று.

பணம் வெள்ளிக்கிழமை போடுகிறேன். அதில் அம்மா கண் டாக்டருக்கு முதலில் எடுத்து வை.

இப்படிக்கு,
உன் தம்பி