மட்டக்களப்பு படுவான்கரையில் கணிதம் படிப்பிக்கும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு,

போன கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. சரிவகத்தின் பரப்பளவு படிப்பித்துக்கொண்டு நின்றபோது கடைசி வாங்கிலிருந்த பொடியன் எழும்பி, "டீச்சர், இதப் படிச்சி நாம என்ன செய்யிற?" என்று கேட்டானாம். "சோதனைக்கு வரும்" என்று சொல்லி அவனை இருத்திவிட்டாய். "எனக்கே அந்தப் பதில் பிடிக்கல்ல மாமா" என்றும் சொன்னாய்.

எனக்கும் அந்தக் காலத்தில் அந்தப் பதில்தான் கிடைத்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். உன்னைப் போலப் புதிதாக நியமனம் கிடைத்த மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

சாதாரண தரத்தில் முதல் தடவை எனக்குக் கணிதம் சித்தியில்லை. பைதகரஸ் தேற்றத்தைத் தேவாரம் போல ஒப்புவிப்பேன், கணக்கு என்று வந்தால் கை ஓடாது. பெறுபேறு வந்த கையோடு பெரியப்பாவுடன் மேசன் வேலைக்குக் கூலியாகப் போனேன். ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட நூல் கட்டினார். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியிலும் மற்ற நூலில் 4 அடியிலும் அடையாளம் வைத்தார். இரண்டுக்கும் குறுக்கே டேப்பைப் பிடி என்றார். 5 அடி 1 அங்குலம் காட்டியது. முளையைத் தட்டி நூலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார். சரியாக 5 அடி. "இப்ப மூலை நேர்" என்றார். 3 இன் வர்க்கம் 9, 4 இன் வர்க்கம் 16, இரண்டையும் கூட்டினால் 5 இன் வர்க்கம் 25. நான் அந்த மண்ணிலேயே குந்திவிட்டேன். பெரியப்பா பைதகரஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

அடுத்த முறை சித்தியடைந்தேன். அந்தச் சித்திதான் என்னை நீர்ப்பாசன வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சரி, உன் சரிவகத்துக்கு வருகிறேன். உன் பள்ளிக்கூடம் இருப்பது நவகிரிக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்யும் பக்கம். வாய்க்காலைக் குறுக்கே வெட்டினாற்போல் பார், அதுதான் சரிவகம். அடியில் 3 அடி, தண்ணீர் மட்டத்தில் 7 அடி, ஆழம் 2 அடி என்று வை. பரப்பு 10 சதுர அடி. இனி 30 அடி தூரத்தை அளந்து ஒரு வைக்கோல் துண்டை மிதக்க விடு. 20 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு ஒன்றரை அடி. மேல் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் விரைவாக ஓடும், அதனால் 0.85 ஆல் பெருக்குவோம். செக்கனுக்கு 12.75 கன அடி வரும். அதைத்தான் நாங்கள் 12.75 கியூசெக் என்கிறோம். ஒரு கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 2 ஏக்கர் அடி, அதாவது 2 ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். நம்பாதே, பிள்ளைகளைக் கணக்குப் பார்க்கச் சொல். ஒரு நாளில் 86,400 செக்கன், ஒரு ஏக்கரில் 43,560 சதுர அடி. அப்படியென்றால் அந்தச் சின்ன வாய்க்கால் ஒரு நாளைக்குச் சுமார் 25 ஏக்கர் அடி தருகிறது. வயலில் 4 அங்குலம் தண்ணீர் நிறுத்த, வழியில் ஊறிப்போவதை விட்டுவிட்டால், 75 ஏக்கருக்குக் காணும்.

இந்த இடத்தில் கடைசி வாங்குப் பொடியன் எழும்புவான், பார். அவனுடைய வாப்பாவோ அப்பாவோ வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருந்தால், தண்ணீர் ஏன் வந்து சேருவதில்லை என்று அவனே கேட்பான்.

அப்போது தொழிலைப் பற்றிச் சொல். முறைத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைக்கு இந்தக் கணக்கு வேண்டும். வாய்க்கால் கட்டும் மேற்பார்வையாளருக்கும், என்னைப் போன்ற தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும், நில அளவையாளருக்கும், பொறியியலாளருக்கும் வேண்டும். ஒவ்வொருவரும் எந்த வழியால் அங்கே போனார்கள் என்பதையும் சொல். உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பாடத்துறை இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறவன் தேசிய தொழிற்தகைமை 4 ஆம் மட்டத்தில் கைத்தொழிலாளியாகி, 5, 6 இல் டிப்ளோமா முடித்து, 7 இல் பட்டம் வரை ஏறலாம். இதை வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள்தான் உன் வகுப்பில் அதிகம்.

தொழில் வழிகாட்டல் நாள் என்று ஒரு பாடசாலை என்னைப் பேசக் கூப்பிட்டது. வெக்கையில் மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக உத்தியோகத்தர்கள் பேசினோம். கடைசியில் படிவம் கொடுத்தார்கள். அநேகமானோர் டொக்டர், எஞ்சினியர், டீச்சர் என்று எழுதினார்கள். அவர்கள் கண்ணால் கண்ட உத்தியோகம் அவ்வளவுதான். வருடத்தில் ஒரு நாள் அள்ளி ஊற்றுவதை விட, பாடத்துக்குள் ஐந்து நிமிடம் ஒதுக்கு. எல்லாப் பாடத்துக்கும் தொழில் தேடி அலையவும் வேண்டாம். சில கணக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகவே படிக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு, மகள். எடுத்ததெல்லாம் வயலும் வாய்க்காலுமாக இருந்தால், "நீ வயலுக்குத்தான்" என்று டீச்சர் சொல்வதாகப் பிள்ளைக்குப் பட்டுவிடும். ஆகவே பின்னம் படிப்பிக்கும்போது காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைக் கொண்டுவா. கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, லண்டன் விஞ்ஞானப் பட்டம் என்று படித்தவர், அந்தக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் வைத்துத்தான் பழைய யாழின் சுருதிகளைத் தேடினார். 1947 இல் யாழ் நூல் வெளிவந்தது. நரம்பைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி, மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம். ஒரு வயலினோ கித்தாரோ இருந்தால் வகுப்பிலேயே காட்டலாம். பாடத் தெரிந்த பிள்ளைக்கும் கணிதத்தில் இடம் உண்டு என்று அன்றைக்கு விளங்கும்.

அதிபரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் ஒன்று எழுது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பைக் கட்டோரம் கூட்டி வா. லெவல் கருவியும் டேப்பும் நான் கொண்டுவருகிறேன். கருவியில் கண் வைத்துப் பார்க்க முதலில் பெண் பிள்ளைகளை விடுவோம், இல்லாவிட்டால் பொடியன்கள் சுற்றி நின்று இடமே கொடுக்க மாட்டார்கள். நீ வைக்கோலும் ஒரு ஸ்டொப் வோச்சும் கொண்டு வந்தால் போதும். அந்தக் கடைசி வாங்குப் பொடியனிடம் டேப்பின் மறுமுனையைக் கொடு.

அன்புடன்,
மாமா