கோட்டையில் ஒரு மூலையைக் கட்டாமல் விடுங்கள்

யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்தும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் வேலையில் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. இடிந்து, பற்றை மண்டிக் கிடந்த மதிலை நெதர்லாந்தின் உதவியோடு முருகைக்கல் (கடலில் விளையும் பவளப்பாறைக் கல்) ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்குவது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். ஏதாவது ஒரு மூலையைக் கட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

போன வருடம் பெரியம்மாவைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். 1990 ஜூனில், கோட்டைக்குப் பக்கத்துக் கொட்டடியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு கோட்டைப் பக்கமே வரவில்லை. புது மதிலின் வெள்ளைக் கற்களை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கறுத்துப்போன பழைய கல் ஒன்றின் முன்னால் நின்று, அதில் இருந்த குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். முருகைக்கல்லில் இயல்பாகவே துளைகள் இருக்கும். துப்பாக்கிச் சன்னம் போட்ட துளை எது, கடல் போட்ட துளை எது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது கற்குவியல்தானே கிடக்கிறது. அதைக் காட்டி ஒரு சிறுமி, "இதை ஆர் இடிச்சது, வெள்ளைக்காரரோ?" என்று கேட்டாள். கூட வந்த பெரியவர், "பழசாகி விழுந்திட்டுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவரையும் கோபிக்க முடியாது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெயிலில் வேறு எதைத்தான் விளக்குவது?

இந்தக் கோட்டையின் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியது. நல்லூர்க் கோயிலை இடித்த கற்களையும் இதற்குத்தான் கொண்டுபோனார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1658இல் மாதக்கணக்காக முற்றுகையிட்டு ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிடித்தவர்கள் நாற்கோணக் கோட்டையை ஐங்கோணமாக மாற்றினார்கள், அகழி வெட்டினார்கள், வெளி அரண்கள் கட்டினார்கள். எல்லாம் முடிய 1792 ஆகிவிட்டது. மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்து நின்றதும் சண்டையே போடாமல் கொடுத்துவிட்டார்கள்! ஒல்லாந்தர் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மதில் முழு அளவில் ஒரு போரைச் சந்தித்தது ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்துத்தான். அப்போது உள்ளே நின்றவர்களும் வெளியே நின்றவர்களும் இதே தீவில் பிறந்தவர்கள்.

1990 ஜூனில் தொடங்கிய முற்றுகை செப்டெம்பரில் முடிந்தது. உள்ளே இராணுவமும் பொலிசும், வெளியே புலிகள். நடுவில் அகப்பட்டது நகரம். பெரியகடையும் கொட்டடியும் காலியாகின. ஷெல் மதிலைத் தாண்டி இரு பக்கமும் போய்வந்தது. பெரியம்மா இப்போதும் விமானம் என்று சொல்லமாட்டார், 'பொம்மர்' என்றுதான் சொல்வார். பீப்பாக் குண்டு போட மெதுவாக வரும் விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் 'சகடை'. கடைசியில் இராணுவம் வெளியேறியது. கோட்டை கைக்கு வந்தபின் புலிகளே மதிலின் சில பகுதிகளை உடைத்தார்கள். இராணுவம் திரும்பி வந்தது 1995இல். யார் இடித்தது என்ற அந்தச் சிறுமியின் கேள்விக்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகச் சொல்ல முடியாது. அந்தப் பதிலை முழுதாக எழுதிக் கோட்டையில் ஒரு பலகை வைக்கவேண்டும் என்று நான் கேட்பதும் அதனால்தான்.

தெற்கே காலி நகரில் இருக்கும் கோட்டையைப் போல இதையும் ஆக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். காலி 1988இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இடம், சரி. ஆனால் அதன் மதிலுக்கு இப்படியொரு 1990 இல்லை. அங்கே பொருந்துகிற அழகு இங்கே கொஞ்சம் பொய்யாகிவிடும்.

கோட்டைக்கு எதிரே நடந்துபோகிற தூரத்தில் பொது நூலகம் இருக்கிறது. 1981இல் எரிந்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவாக விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வேறிடத்தில் கட்டலாம் என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சு எடுபடவில்லை. இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது, உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள், அது சந்தோஷம்தான். ஆனால் வெளியூரிலிருந்து வந்து அதன் முன்னால் நின்று படம் எடுப்பவருக்குப் புகையின் ஒரு கறைகூடக் கண்ணில் படாது.

கோட்டையில் அந்த வாய்ப்பு இன்னும் கைதவறவில்லை. தேவாலயத்தின் கற்குவியலை அள்ளவேண்டாம், மேலே புதிதாக எதையும் கட்டவேண்டாம். மழையில் கரையாதபடி பாதுகாத்தால் போதும். சன்னம் துளைத்த மதிலில் பத்தடியைச் சாந்து பூசாமல் விடுங்கள். பக்கத்தில் ஒரு பலகை. 1619, 1658, 1795 ஆகியவற்றை எழுதும் அதே எழுத்தளவில் 1990ஐயும் எழுதுங்கள். 'யுத்தத்தில் சேதமடைந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். உள்ளே செத்த படையினர், வெளியே செத்த போராளிகள், வீட்டைப் பூட்டிக்கொண்டு போன சனங்கள் என்று மூன்று தரப்பும் அதில் வரட்டும். சிங்களத்தில் ஒன்றும் தமிழில் இன்னொன்றுமாக எழுதாமல், மூன்று மொழியிலும் ஒரே விஷயம் இருக்கட்டும்.

பலகைக்கு வாசகம் எழுதுமுன் கொட்டடிப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். பெரியம்மாவின் வயதுக்காரர் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் வாசலில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
கோட்டைக்கு அடிக்கடி வரும் ஒருவன்