ரோட்டவேட்டர் ஷாஃப்டையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேற்றுழவுக்கு ஏற்ற, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கத்திகளின் வகை, ட்ராக்டரின் குதிரைத்திறன், அரசு மானியம் ஆகியவற்றை நன்றாக விளக்கியது. ஆனால் ட்ராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. எனும் விசை வெளியீட்டு முனையிலிருந்து கருவிக்கு விசையைக் கொண்டு செல்லும் பி.டி.ஓ. ஷாஃப்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பேரிங் நொறுங்கிப் பட்டறைக்கு வரும் கியர் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும்போது, பழுதின் தொடக்கம் பல வேளைகளில் அந்த ஷாஃப்டில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு ட்ராக்டருக்கு அளவாக இருந்த ஷாஃப்ட் இன்னொன்றுக்குச் சரியாக அமையும் என்று சொல்ல முடியாது. வாடகைக்கு ஓடும் ரோட்டவேட்டரை வண்டி மாற்றி மாட்டும்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை. இந்த ஷாஃப்ட் ஒன்றினுள் ஒன்று நகரும் இரு குழாய்களால் ஆனது. கருவியை ஏற்றி இறக்கும்போது ட்ராக்டர் முனைக்கும் கருவி முனைக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. இரண்டும் நேர்மட்டத்தில் வரும்போது அது மிகக் குறைவு. அந்நிலையில் உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் முட்டினால், அந்த நெருக்கம் முழுவதும் ட்ராக்டரின் பி.டி.ஓ. பேரிங் மீதும் ரோட்டவேட்டரின் கியர் பெட்டி மீதும் விழும். ஆகவே மிகக் குறுகிய நிலையிலும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி இருக்குமாறும், மிக நீண்ட நிலையிலும் குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று நிற்குமாறும் அளந்து, இரு குழாய்களையும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பின் பிசிரை அரம் கொண்டு நீக்கி, இரும்புத்தூளைத் துடைத்து, கிரீஸ் தடவிய பிறகே சேர்க்க வேண்டும்.

பழுது பார்த்துத் திரும்பக் கோக்கும்போது நேரும் பிழை இன்னும் மோசமானது. குழாய்களின் முனையில் கவட்டை போல் உள்ள இரண்டு யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். சதுரக் குழாயில் ஒரு முகம் தள்ளிச் செருகினாலும் அது உள்ளே போய்விடும் என்பதால் அவசரத்தில் எவரும் கவனிப்பதில்லை. ஷாஃப்டின் ஒவ்வொரு முனையிலும், சிலுவை வடிவக் கிராஸால் யோக்குகளை இணைக்கும் ஜாயிண்ட் ஒன்று உண்டு. சாய்வாகச் சுழலும் ஒரு ஜாயிண்ட், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறைகிறது. அதை மறுமுனை ஜாயிண்ட் ஈடுகட்டுவது யோக்குகள் நேராக இருந்தால் மட்டுமே. மாறிப் போனால் அதிர்வு இரட்டிப்பாகி, புதிதாகப் போட்ட கிராஸும் விரைவில் தேய்ந்துவிடும். சேற்றில் ஓடிய கிராஸுக்குத் தினமும், பழைய கிரீஸும் சேறும் வெளியே வரும்வரை கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். பாரம் மிகும்போது தானே அறுந்து விசையைத் துண்டிக்கும் ஷியர் போல்ட் அறுந்தால், அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த கடினமான போல்ட்டைப் போடுவது, கியர் பெட்டியைக் காக்க வைத்த ஏற்பாட்டையே நீக்குவதாகும்.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது உறை இல்லாத ஷாஃப்ட். நிமிடத்துக்கு 540 சுற்று வேகம் என்றால் வினாடிக்கு ஒன்பது சுற்று. லுங்கியின் நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இராது. கிராஸ் மாற்றுவதற்காகக் கழற்றிய உறை பட்டறை மூலையிலேயே தங்கிவிடுவதும், உறை சுழலாமல் பிடிக்கும் சங்கிலியை இடைஞ்சல் என்று அறுத்து எறிவதும் நம் ஊர்களில் இயல்பாகிவிட்டன. கதிரடிக்கும் இயந்திர விபத்துகளின் கொடுமையால் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலேயே வந்துவிட்ட நாட்டில், ஷாஃப்ட் உறை இன்னும் விருப்பப் பொருளாகக் கருதப்படுவது ஏற்கத்தக்கதன்று.

அடுத்த உழவுப் பருவத்துக்கு முன்பாக, ஷாஃப்டை அளப்பதையும் கோப்பதையும் படங்களுடன் விளக்கும் ஒரு கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டும். வேளாண் பொறியியல் துறையும் மானியக் கருவிகளை ஒப்படைக்கும் நாளில் விவசாயியின் ட்ராக்டரிலேயே ஷாஃப்டை மாட்டி அளந்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். உடைந்த உறைக்குப் புதியது மாட்டாமல் வண்டியை வெளியே அனுப்புவதில்லை என்று என்னைப் போன்ற பட்டறைக்காரர்களும் முடிவெடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ட்ராக்டர் பட்டறை நடத்தும் வாசகர்,
மன்னார்குடி.