பொதுச் சொற்பொழிவுக்குப் பொதுமக்களை உள்ளே விடுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த அறக்கட்டளைச் சொற்பொழிவைப் பற்றி எழுதுகிறேன். பொருள், பள்ளிச் சத்துணவும் குழந்தைகளின் உடல்நலமும். அழைப்பிதழின் அடியில் 'அனைவரும் வருக' என்று அச்சிட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் சத்துணவுச் சமையலரையும் அழைத்துக்கொண்டு வந்தேன்.

நிகழ்ச்சி புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் எந்தச் சத்துணவு மையத்திலும் உலை கொதித்துக்கொண்டிருக்கும். சோறு வடித்தாக வேண்டும், முட்டையை வேகவைத்து உரித்தாக வேண்டும். மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். சத்துணவைப் பற்றிய கூட்டத்தை, சத்துணவு சமைப்பவர்களில் ஒருவர்கூட வர முடியாத நேரத்தில் வைப்பது எப்படி நியாயமாகும்? அந்த அம்மா விடுப்பு எழுதிக் கொடுத்து, அடுப்பை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார்.

வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். ஆதார் அட்டையை நீட்டினார். எந்தத் துறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேள்வி வந்தது. சொற்பொழிவு கேட்க வந்திருக்கிறோம் என்ற பதில் போதவில்லை. துறை அலுவலகத்தில் யாராவது தொலைபேசியை எடுக்கும்வரை வெயிலில் நின்றோம். காவலர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு இட்ட உத்தரவை அவர் நிறைவேற்றினார். அந்த உத்தரவை இட்டவர்களிடம்தான் கேட்கிறேன்.

உள்ளே குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடைகள், அறிமுகவுரை என்று நேரம் போய், பேராசிரியர் பேச எழுந்தபோது பன்னிரண்டு நெருங்கிவிட்டது. துறையை ஆழமாக அறிந்தவர், உழைத்துத் தயாரித்த உரை. ஆனால் முழுக்க ஆங்கிலம். திரையில் காட்டிய படங்களிலும் ஒரு சொல் தமிழில் இல்லை. முடிந்ததும், நேரமின்மை காரணமாகக் கேள்விகள் இல்லை என்று அறிவித்தார்கள். நன்றியுரைக்கு மட்டும் நேரம் இருந்தது.

அந்த அம்மா ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தார். இருப்புக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில், நீல மையில், நான்காக மடித்து. பஸ்ஸில் திரும்பும்போதுதான் காட்டினார். 'முட்டை உடைந்து வந்தால் அன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்வது?' 1982இல் விரிவுபடுத்தப்பட்டு நாடே திரும்பிப் பார்த்த திட்டம் இது. அதன் நிறைகுறை அடுப்படியில் நிற்பவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? அன்று அந்தக் கேள்வி எழுந்திருந்தால் பேராசிரியருக்கும் பயன்பட்டிருக்கும். இத்தனைக்கும் அந்த அம்மா நான்காவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே கேட்கிறேன்: மக்கள் கொள்கை பற்றிய சொற்பொழிவுகளை மாலையில், தமிழில், கேள்வி நேரத்தோடு நடத்துங்கள். அன்றைக்காவது வாசலைத் திறந்து வையுங்கள்.

இது புதிய கோரிக்கை அல்ல. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு இணையான மூன்றாவது கடமை சமூக விரிவாக்கப் பணி, அதாவது அறிவை ஊருக்குக் கொண்டுசெல்வது, என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977லேயே கொள்கையாக அறிவித்தது. தமிழ்நாட்டில் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் தன் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பலவற்றை நூலாகவே அச்சிட்டது. 1939 ஜனவரியில் புனேயின் கோகலே நிறுவனத்தில் அம்பேத்கர் கூட்டாட்சி பற்றி ஆற்றிய காளே நினைவுச் சொற்பொழிவை இன்றும் நாம் படிக்க முடிவது அது அச்சேறியதால்தான். தங்கள் இணையதளத்திலோ பொன்னாடை போர்த்தும் படங்கள் மட்டும் இருக்கின்றன. பேசியது என்ன என்று ஒரு பக்கம்கூட இல்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம், மக்களைப் பற்றிப் பேசிவிட்டு, பேசியதை மக்களுக்குச் சொல்லாமல் இருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? குடிநீர், நூறு நாள் வேலை, ரேஷன் என்று எந்தப் பொருளை எடுத்தாலும் அதோடு அன்றாடம் வாழ்கிறவர்கள் மதில் சுவருக்கு வெளியே நிற்கிறார்கள். வருகைப் பதிவுக்காக வகுப்பு வகுப்பாக அழைத்துவரப்பட்ட மாணவர்களைக் கொண்டு அரங்கை நிரப்பிக் கணக்குக் காட்டுவது அந்த மாணவர்களுக்கும் செய்யும் அநீதி.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அறக்கட்டளைக்குப் பணம் வைத்தவர்களின் எண்ணமும் ஊருக்குப் பயன்பட வேண்டும் என்பதாகவே இருந்திருக்கும். பேச்சாளருக்குத் தமிழ் இயலாவிட்டால் பத்தி பத்தியாக மொழிபெயர்த்துச் சொல்லத் தங்கள் தமிழ்த் துறையிலேயே ஆள் இருக்கிறார்கள். அடுத்த சொற்பொழிவை மாலை ஆறு மணிக்கு வைத்து, இருபது நிமிடமாவது கேள்விக்கு ஒதுக்கி, அட்டை கேட்காமல் உள்ளே அனுப்பும்படி வாசலுக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தேதியை ஒரு வாரம் முன்னதாக அறிவித்தால் சுற்றுவட்டாரச் சத்துணவு ஊழியர்களுக்கு நானே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்