பட்டினி போடுவது மட்டுமா?

ஐயா,

‘புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்களை அடைத்துப் பட்டினி போடும் மருந்து’ என்று ஞாயிறன்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி.

என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியபோது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோதெரபியுடன் அவ்வகை மருந்தான பெவசிசுமாப் ஏற்றினார்கள். குழாயை அடைத்தால் கீமோ எந்த வழியாகக் கட்டிக்குள் போகும் என்று கேட்டேன். முப்பது ஆண்டு அறிவியல் பாடம் நடத்தியவளுக்கு வாய் சும்மா இருக்குமா? மருத்துவர் சிரித்துவிட்டு, தாளில் கோணல்மாணலாகச் சில குழாய்களை வரைந்தார். கட்டியின் குழாய்கள் அப்படித்தான், ஓட்டை விழுந்து ஒழுகுமாம். குழாய் வளரத் தூண்டும் புரதத்தை மருந்து மடக்கினால், எஞ்சியவை சிறிது காலம் சீராகி கீமோவை உள்ளே விடக்கூடும். ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் 2001இல் முன்வைத்த கருத்து இது. நீங்கள் எழுதிய பட்டினி யோசனை அதற்கும் முந்தியது: கட்டியின் குழாய் வளர்ச்சியைத் தடுக்கலாம் என்று அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னது 1971இல்.

பலனையும் ஊதிப் பெருக்க வேண்டாம். 2004இல் வெளியான முக்கிய ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 15.6 மாதம்; பெவசிசுமாபையும் சேர்த்தபோது 20.3 மாதம். எங்களுக்கு அந்த வித்தியாசம் ஒரு பேத்தியின் பிறந்தநாள்.

பக்கவிளைவுகளைக் கட்டுரை தொடவே இல்லை. இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் இறங்கும், புண் ஆறத் தாமதமாகும். ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக்கூட எங்கள் மருத்துவர் உடனே சம்மதிக்கவில்லை. காலையும் மாலையும் அழுத்தம் குறித்த நாற்பது பக்க நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்