உப்பு விளையும் ஊரில் உப்பில்லாத தண்ணீர்: சைக்கிள் சவாரி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இராமநாதபுரத்தில் கிளம்பி அரிச்சல்முனை போய்த் திரும்புகிற உங்கள் 150 கிலோமீட்டர் சவாரிக்கு மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறேன். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வம்புக்கு எழுதியதாக ஆகிவிடும், அது போக இதே தப்பைச் செய்கிற குழுக்கள் இன்னும் நாலைந்து உண்டு, அவர்களும் படிக்கட்டும். சவாரி நடத்துவதில் உங்களைக் குறை சொல்ல வழியில்லை. விடிவதற்கு முன்னால் கிளப்பிவிடுகிறீர்கள், பின்னால் வேன் வருகிறது, பஞ்சர் என்றால் ஆள் ஓடி வருகிறார். எல்லாம் சரி. அந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன மாசி மாதச் சவாரியில் மேசைமேல் இருந்தவை: கிரீம் பிஸ்கட், ஒரு பெட்டி குளிர்பானம், அட்டைப்பெட்டியில் அடைத்த ஆரஞ்சு நிற இனிப்புத் தண்ணீர், அப்புறம் கேன் கேனாக வெறும் தண்ணீர். உப்பென்று கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு சிட்டிகை இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருத்தர் நின்றுகொண்டு "தண்ணி குடிங்க, நிறையக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கறையில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் பாம்பன் பாலத்தில் ஏறுகிறேன். 2.3 கிலோமீட்டர் பாலம், நடுவில் மேடு, காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுகிறது. பாதி ஏற்றத்தில் இடது கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதிய ரயில் பாலத்தைப் படம் எடுக்க வந்தவர்கள் என்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். குனிந்து என் கறுப்புச் சட்டையைப் பார்த்தால் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை வளைந்து வளைந்து வெள்ளைக் கோடுகள், வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி வற்றும்போது வரப்போரம் படிந்து நிற்குமே, அப்படியே. விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு உப்பு உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது, காலையிலிருந்து நான் உள்ளே அனுப்பியதோ பிஸ்கட்டும் கேன் தண்ணீரும்.

அதே இடத்துக்குப் பின்னாலேயே ஒரு தம்பி வந்து சேர்ந்தார், கல்லூரியில் படிக்கிற பையன். "அண்ணே, வயித்துல தண்ணி குலுங்குது, குமட்டுது, தலை வேற வலிக்குது" என்றார். விரல்கள் தடித்து மோதிரம் இறுகிப் போயிருந்தது. எவ்வளவு குடித்தாய் என்று கேட்டால் ஏழு லிட்டர் இருக்கும் என்கிறார். நல்லவேளை, அவரை அதற்கு மேல் ஓட்டவும் விடாமல், குடிக்கவும் விடாமல் வேனில் ஏற்றிவிட்டோம்.

இது சின்ன விஷயமில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பிலிருந்து வருகிற சத்து, நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அதுவும் ஓடும்போது உடல் எடை கூடியவர்களுக்கே பெரும்பாலும் அப்படி. ஓடிவிட்டு எடை கூடுகிறதென்றால் வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். வாந்தி, தலைவலி, கை வீக்கம், பேச்சுத் தடுமாற்றம் என்று ஒருத்தர் வந்தால் அவர் கையில் இன்னொரு பாட்டில் தண்ணீரைத் திணிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

என் கதைக்கு வருகிறேன். காலை இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி மண்டபத்தில் ஒரு அம்மா கடையில் உட்கார்ந்தேன். கஞ்சி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குப்பா, உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு, பரவாயில்லையா" என்றார். பரவாயில்லையாவா! ஒரு சொம்பு நீராகாரம், சோற்றோடு, பொரித்த மோர்மிளகாய் இரண்டு. கால்மணி நேரத்தில் எழுந்து சைக்கிளை எடுத்தேன். கால் இழுப்பதற்கு உப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பழக்கமில்லாத வேகத்தில் தசை அசந்துபோவதும் பெரிய காரணம், கால்மணி நேரம் உட்கார்ந்ததே பாதி வைத்தியம். ஆனால் அந்தச் சொம்பில் இருந்தது தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும். உங்கள் மேசையில் அவை மூன்றும் ஒன்றாக எங்கேயும் இல்லை.

ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்துதான் உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. 1971இல் வங்கதேச அகதி முகாமில் காலரா பரவியபோது திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது இந்த ஒரு சங்கதியை வைத்துத்தான். ஓ.ஆர்.எஸ். என்கிற அந்தக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோற்றுப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உண்டு, பொட்டாசியமும் சிட்ரேட்டும் தனி. அது வயிற்றுப்போக்குக்கான கணக்கு. சைக்கிள்காரனுக்கு உப்பு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் சர்க்கரை கூடுதலாகவும் வேண்டும். அந்த அட்டைப்பெட்டி ஆரஞ்சுத் தண்ணீரை மருந்துக்கடைக் கரைசல் என்று நம்பி வாங்கியிருந்தால், இனி வேண்டாம். இந்த அளவுக்கு ஒத்துவராத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டுவிட்டது.

750 மில்லி பாட்டிலுக்கு நான் போடுவது: மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழம். சர்க்கரை சுமார் 40 கிராம், உப்பு ஒன்றரை கிராம், அதில் சோடியம் 600 மில்லிகிராம் அளவுக்கு வரும். நம் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம், ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராம் சோடியம் வரைக்கும்கூடப் போகும், சிலருக்கு அதற்கும் மேல். மீதியைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும். இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரட்டும், பதிவுப் படிவத்தில் அதற்கு ஒரு வரி சேருங்கள்.

இந்த இடத்தில் ஜெல் பாக்கெட்காரர்கள், ஓட்டிக்கொண்டே பிழிந்து விழுங்குகிற இனிப்புக் கூழை நம்புகிறவர்கள், சண்டைக்கு வருவார்கள். நீண்ட சவாரியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், பழகிய வயிறு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து 90 கிராம் வரைகூடத் தாங்கும், இது உண்மை. இரண்டும் வேறு வேறு வாசல் வழியாகப் போவதால் கலந்து கொடுத்தால் கூடுதலாக ஏறும், அதுவும் உண்மை. ஆனால் சாதாரணச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ்தானே! கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். பனை நிறைந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு ஜெல் பாக்கெட்டைக் கடித்துத் துப்பி, அந்த உறையைத் தனுஷ்கோடி மணலில் போட்டுவிட்டு வருகிறோம்.

பதநீர் கிடைக்கிற மாதத்தில் காலை முதல் நிறுத்தத்தில் வாங்கி வையுங்கள். ஒரு டம்ளரில் 20 கிராம் சர்க்கரை சும்மா வந்துவிடும். வெயில் ஏறினால் புளித்துவிடும், பத்து மணிக்கு மேல் வேண்டாம், அப்புறம் சவாரி வேறு மாதிரி போய்விடும். இளநீரை எல்லோரும் சர்வரோக நிவாரணி மாதிரிப் பேசுகிறார்கள், குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் போவது சோடியம். இளநீர் கொடுத்தால் பக்கத்தில் உப்புப் போட்ட கடலையோ ஊறுகாயோ வையுங்கள்.

இட்லிதான் ராஜா. ஒரு இட்லிக்குப் பத்து கிராம் மாவுச்சத்து, எண்ணெய் இல்லை, மெல்லவே வேண்டாம். ஆறாம் மணி நேரத்தில் வாய் காய்ந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பொடி தூவி, நல்லெண்ணெயைக் கொஞ்சமாகத் தொட்டு, ஆளுக்கு மூன்று வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். வாழைப்பழம், பேரீச்சை சொல்லவே வேண்டாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் கடலையில் கொழுப்பு உண்டு, மெதுவாகச் செரிக்கும், முதல் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நண்பன் ஒரு டப்பா கொடுத்துவிட்டான், தேங்காய்ப்பால் எண்ணெய் மினுங்குகிற துண்டுகள், ஏர்வாடி போவதற்குள் ஐந்தாறு உள்ளே போய்விட்டன, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கல்லை விழுங்கியவன் மாதிரி ஓட்டினேன். தொதல் மேல் தப்பில்லை. அதை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரிச்சல்முனையில் பொரித்த மீனுக்கும் இதே சட்டம், வாசனை பிடித்து இழுத்தாலும், முன்னால் இன்னும் 75 கிலோமீட்டர் இருக்கிறது.

அடுத்து தொண்டி வரைக்கும் ஒரு சவாரி வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன், தேவிபட்டினம், உப்பூர் வழியாக. உப்பூரில் இருக்கிற பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பேர், அவருக்கு வெயில் உகந்தது, நமக்கு அப்படியில்லை. அந்த வழியில் கடைகளும் குறைவு, தண்ணீரும் பல இடத்தில் உவர்ப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் நாலு குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் நல்ல தண்ணீர் பிடித்து வருகிறார்கள். அவர்கள் குழாயில் வரிசையாகப் போய் நின்று பாட்டில் நிரப்பாதீர்கள், வேனில் கொண்டுவாருங்கள்.

உப்பூர் நிறுத்தத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். இரண்டு மண்பானை வீட்டில் சும்மா கிடக்கிறது, முந்தின நாள் இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன், உப்பு, மோர்மிளகாய், சின்ன வெங்காயம் என் பொறுப்பு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் போதும். எலுமிச்சம்பழம் மட்டும் சந்தையில் வாங்கி வாருங்கள், இங்கே விலை அதிகம்.

இப்படிக்கு,
உச்சிப்புளியிலிருந்து ஒரு சைக்கிள்காரன்